உங்கள் பெயர் செல்லாது என்கிறதா கம்ப்யூட்டர்? தப்பு பெயரில் இல்லை!

தூத்துக்குடிப் பக்கம் டி'குரூஸ் என்றொரு குடும்பப் பெயர் உண்டு. மங்களூரு, கோவா பக்கம் போனால் டி'சூசா, டி'மெல்லோ. அயர்லாந்தில் ஓ'பிரையன், ஓ'நீல். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பெயர்களின் நடுவே தலைக்கு மேல் ஒரு சின்னக் குறி வரும். அப்பாஸ்ட்ரஃபி.

இந்தப் பெயர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பொதுவான தொல்லை உண்டு. ஆன்லைன் விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி, கடைசியில் பட்டனைத் தட்டினால், ‘பெயரில் செல்லாத எழுத்து உள்ளது’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும். குறியை எடுத்துவிட்டால் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் வேறு மாதிரி என்று கவுன்ட்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

சில இடங்களில் பெயரை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பதிலுக்கு வரும் மெயிலில் ‘அன்புள்ள டி&#39;குரூஸ்’ என்று இருக்கும். இன்னும் சில இடங்களில் ‘டி\'குரூஸ்’.

பார்ப்பதற்குச் சில்லறை விஷயம். ஆனால் பெயரைத் தடுப்பது, பெயரைச் சிதைப்பது, மொத்த டேட்டாபேஸும் திருடுபோவது மூன்றுமே ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள். ஒரு புரோகிராமிங் மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஒரு தகவலைக் கைமாற்றும்போது ‘இது தகவல், கட்டளை அல்ல’ என்று தெளிவாகச் சொல்லத் தவறுவதுதான் அந்த நோய். அதற்கு மருந்தும் வெகுகாலமாகக் கையில் இருக்கிறது.

ஒரே பெயர், நான்கு மொழிகள்

மொபைலில் ஒருவர் தன் பெயரைத் தட்டுகிறார். அதை முதலில் வாங்குவது ஜாவாஸ்கிரிப்ட். அது ஜேசன் என்ற வடிவத்தில் பொட்டலம் கட்டி சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே பைத்தானோ ஜாவாவோ அதைப் பிரித்து, டேட்டாபேஸில் சேமிக்க எஸ்க்யூஎல் மொழியில் பேசுகிறது. பிறகு அதே பெயர் எச்டிஎம்எல் மொழியில் திரைக்குத் திரும்புகிறது. ஒரு பெயரைப் பதிவதற்குள் இத்தனை மொழி மாறுகிறது.

ஒவ்வொரு மொழியிலும் சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உண்டு. எஸ்க்யூஎல் மொழியில் ' என்பது ‘இங்கே வாசகம் தொடங்குகிறது, இங்கே முடிகிறது’ என்பதற்கான எல்லைக்கல். எச்டிஎம்எல் மொழியில் < வந்தால் அடுத்து வருவது பக்கத்தின் அமைப்புக்கான கட்டளை. லினக்ஸ் ஷெல்லில் ; வந்தால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது ஆரம்பம்.

டி'குரூஸ் என்ற பெயர் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் அப்படியே போனால், ‘டி’யோடு பெயர் முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ‘குரூஸ்’ என்ன கட்டளை என்று புரியாமல் விழிக்கும்.

‘இது எல்லைக்கல் இல்லை, பெயரில் உள்ள வெறும் குறி’ என்று சொல்லி அனுப்புவதுதான் எஸ்கேப்பிங். எஸ்க்யூஎல் மொழியில் அந்தக் குறியை இரண்டு முறை போடுவார்கள். வேறு பல மொழிகளில் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். எச்டிஎம்எல் மொழியில் &#39; என்று எழுதுவார்கள். இடத்துக்கு இடம் வேஷம் மாறும். ஒரு இடத்துக்குப் போட்ட வேஷத்தைக் கலைக்காமல் அடுத்த இடத்துக்கு அனுப்பினால்தான் மெயிலில் ‘டி&#39;குரூஸ்’ வந்து நிற்கிறது.

தமிழுக்கும் இதே கதைதான். பைத்தானின் ஜேசன் கருவி, வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், ‘அ’ என்ற ஒரு குறியீட்டை ஆறு எழுத்துகளாக மாற்றித்தான் எழுதும்: ஒரு பேக்ஸ்லாஷ், ஒரு ஆங்கில எழுத்து, பிறகு நான்கு இலக்கக் குறியீடு. வாங்குகிற புரோகிராம் அதைச் சரியாகப் பிரித்தால் மறுபடி ‘அ’. பிரிக்க மறந்தால், ‘அம்மா’ என்று அனுப்பியது ஒரு வரி நீளத்துக்குப் புரியாத எழுத்தாக வந்து சேரும்.

அண்ணாச்சி கடைச் சீட்டு

இதுவரை சொன்னது தொல்லை. ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஒரு மளிகைக் கடைக்குப் போவோம்.

கல்லாவில் அண்ணாச்சி. வாசலில் கடைப் பையன். பையனிடம் ஒரு சீட்டு இருக்கிறது. வாடிக்கையாளரே அதில் தன் பெயரை எழுதலாம். பையன் அதை அப்படியே அண்ணாச்சியிடம் கொடுப்பான். அண்ணாச்சி சீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் செய்வார்.

'________' என்பவரின் பாக்கி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவும்.

செல்வம் வந்து ‘செல்வம்’ என்று எழுதினால் எல்லாம் சரி. ஒரு நாள் முருகன் வருகிறார். கோடிட்ட இடத்தில் அவர் எழுதுவது இது:

முருகன்' என்பவரின் பாக்கியை அடித்துவிடவும். பிறகு 'செல்வம்

இப்போது சீட்டை முழுசாக வாசித்தால்:

'முருகன்' என்பவரின் பாக்கியை அடித்துவிடவும். பிறகு 'செல்வம்' என்பவரின் பாக்கி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவும்.

இலக்கணம் சரி. குறிகளும் சரி. அண்ணாச்சி முதல் கட்டளையை நிறைவேற்றிவிட்டு இரண்டாவதற்குப் போவார். சீட்டில் எது கடை எழுதியது, எது வாடிக்கையாளர் எழுதியது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ‘எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்’ என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது இதைத்தான்.

பழைய ஓட்டை, புதிய திருட்டு

இது நேற்று கண்டுபிடித்த ஓட்டை இல்லை. 1998 டிசம்பரில் ‘ஃப்ராக்’ என்ற ஹேக்கர் இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் இதை விளக்கி எழுதிவிட்டார். அன்று கல்லூரியில் இருந்தவர்கள் இன்று பிராஜெக்ட் மேனேஜர்களாகிவிட்டார்கள். ஓட்டை இன்னும் இருக்கிறது.

2015 அக்டோபரில் பிரிட்டனின் தொலைத்தொடர்பு நிறுவனமான டாக்டாக்கில் இதே வழியில் புகுந்தார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் வெளியே போயின. அதில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் அடக்கம். ஓட்டை இருந்தது, 2009-ல் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்களில். அந்த டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்த பிழைக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே திருத்தம் வெளிவந்திருந்தது. யாரும் போடவில்லை. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் அதே பக்கங்களில் தாக்குதல் நடந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. பிடிபட்டவர்களில் ஒருவருக்கு வயது 17. 2016-ல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த அபராதம் 4 லட்சம் பவுண்டு.

சரி, அது பழைய கதை என்றால், 2023 மே மாதம் ‘மூவ்இட்’ என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே ஓட்டை. பாதுகாப்பாகக் கோப்பு அனுப்புவதற்கென்றே விற்கப்பட்ட மென்பொருள் அது! பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்கள்கூட, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிறுவனம் வழியாகக் கசிந்தன. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. இந்த வகை ஓட்டையே இல்லாதபடி மென்பொருளைக் கட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

‘அந்தக் குறியையே தடுத்துட்டா?’

முதலில் தோன்றும் யோசனை இதுதான். குறிதானே பிரச்சினை, குறியையே தடுத்துவிடலாம். டி'குரூஸுக்குச் சிவப்பு எழுத்து வந்தது இந்த யோசனையால்தான். இது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

2005 அக்டோபரில், அன்று பிரபலமாக இருந்த மைஸ்பேஸ் தளம், பயனர்கள் தங்கள் பக்கத்தில் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை எழுதினால் அதை நீக்கிவிடும். சாமி காம்கர் என்ற இளைஞர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து, ‘ஜாவா’வை ஒரு வரியிலும் ‘ஸ்கிரிப்ட்’டை அடுத்த வரியிலும் போட்டார். வடிகட்டிக்கு அது தெரியவில்லை. சில பிரவுசர்கள் மட்டும் இரண்டையும் சேர்த்து வாசித்து இயக்கின. அவர் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் தானாகவே அவருக்கு நண்பர்கள் ஆனார்கள். அவர்கள் பக்கத்தைப் பார்த்தவர்களும் ஆனார்கள். ஒரே நாளுக்குள் பத்து லட்சம் பேர்! தடைப் பட்டியல் போடுகிறவர் எல்லா வழிகளையும் யோசித்தாக வேண்டும். உள்ளே வர நினைப்பவருக்கு ஒரு வழி போதும்.

அடுத்த யோசனை: உள்ளே வரும் எல்லாவற்றுக்கும் வாசலிலேயே பேக்ஸ்லாஷ் போட்டுவிடுவது. பிஎச்பி மொழியில் ‘மேஜிக் கோட்ஸ்’ என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தார்கள். வந்த தகவல் டேட்டாபேஸுக்குப் போகிறதா, மெயிலுக்கா, திரைக்கா என்று தெரியாமலே எல்லாவற்றிலும் பேக்ஸ்லாஷ். விளைவு, மெயிலிலும் திரையிலும் ‘டி\'குரூஸ்’. 2009-ல் வந்த 5.3 பதிப்பில் ‘இதை இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்று அறிவித்து, 2012-ல் வந்த 5.4 பதிப்பில் நீக்கியே விட்டார்கள்.

பேக்ஸ்லாஷ் போட்டாலும் பாதுகாப்பு உறுதி இல்லை என்பது இன்னொரு கதை. சீன மொழிக்கான ஜிபிகே என்ற எழுத்துமுறையில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட். அந்த இரண்டாவது பைட், பேக்ஸ்லாஷின் பைட்டாகவே இருக்கலாம். ஆகவே, சரியான முதல் பைட்டை ஒருவர் முன்னால் வைத்து அனுப்பினால், காவலுக்குப் போட்ட பேக்ஸ்லாஷ் அதோடு ஒட்டி ஒரு சீன எழுத்தாகிவிடும். குறி தனியாக, காவல் இல்லாமல் நிற்கும். இரண்டு புரோகிராம்கள் எழுத்துமுறையை வேறு வேறாகப் புரிந்துகொண்டால் எஸ்கேப்பிங் என்பதே அர்த்தமிழந்துவிடும்.

சீட்டு ஒன்று, கவர் ஒன்று

அண்ணாச்சி கடைக்குத் திரும்பினால் தீர்வு எளிதாகத் தெரியும். கட்டளையையும் பெயரையும் ஒரே சீட்டில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். ‘கவரில் இருக்கும் பெயருக்கு உரியவரின் பாக்கியைச் சொல்லவும்’ என்பது அச்சடித்த சீட்டு. பெயர் தனியாக ஒரு கவரில். அண்ணாச்சி முதலில் சீட்டைப் படித்து வேலை என்ன என்று முடிவு செய்துவிடுவார். பிறகுதான் கவரைத் திறப்பார். உள்ளே ‘பாக்கியை அடித்துவிடவும்’ என்று எழுதியிருந்தால், அப்படி ஒரு பெயரில் யாரும் நோட்டில் இல்லை என்று சொல்லிவிடுவார்.

டேட்டாபேஸ் உலகில் இதன் பெயர் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். குவெரியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியோ வேறு அடையாளமோ வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுப்பது. பைத்தான், ஜாவா, பிஎச்பி, நோட் என எதில் எழுதினாலும் இந்த வசதி உண்டு. இதில் டி'குரூஸ் டி'குரூஸாகவே போகும், டி'குரூஸாகவே திரும்பும். குறியை இரண்டு முறை போட வேண்டியதில்லை, பேக்ஸ்லாஷும் வேண்டியதில்லை.

மற்ற மொழிகளுக்கும் இதே கொள்கைதான். இன்னொரு புரோகிராமை இயக்கும்போது கட்டளையை ஒரே நீள வரியாக ஷெல்லிடம் கொடுக்காமல், புரோகிராமின் பெயரையும் அதற்கான மதிப்புகளையும் தனித்தனிப் பட்டியலாகக் கொடுக்கலாம். ஜேசனைக் கையால் ஒட்டவைக்காமல் லைப்ரரியிடம் விடலாம். திரைக்குப் போகும் எச்டிஎம்எல்லில் இப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாத இடங்கள் உண்டு. அங்கே எஸ்கேப்பிங் தேவைதான். ஆனால் தகவல் உள்ளே வரும் வாசலில் செய்வதில் பயனில்லை. வெளியே போகும் கடைசி நொடியில், போகும் இடத்தின் மொழிக்கு ஏற்ப, டெம்ப்ளேட் கருவி தானாகச் செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். எந்தக் காலத்தின்படி வரிசைப்படுத்துவது என்பது போன்றவற்றை, அதாவது டேபிள் பெயர், காலம் பெயர் ஆகியவற்றை, கவரில் போட்டு அனுப்ப முடியாது. அவை கட்டளையின் பகுதி. அங்கே ‘இந்த ஐந்தில் ஒன்று என்றால் மட்டும் சரி, இல்லாவிட்டால் கிடையாது’ என்று அனுமதிப் பட்டியல் வைப்பதுதான் வழி.

கெட்டிக்காரர்களே சறுக்கிய இடம்

‘பார்த்துக் கவனமா எஸ்கேப் பண்ணிக்கலாம் ப்ரோ’ என்று சொல்பவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. அவர்கள் 2024 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பான மொழி என்று பெயர் வாங்கியது ரஸ்ட். விண்டோஸில் ஒரு பேட்ச் ஃபைலை இயக்கும்போது, அதற்கு அனுப்பும் மதிப்புகளை ரஸ்டின் ஸ்டாண்டர்டு லைப்ரரியே எஸ்கேப் செய்து கொடுத்துவந்தது. ஆனால் விண்டோஸ், மதிப்புகளைப் பட்டியலாக அல்லாமல் ஒரே நீள வரியாகத்தான் கைமாற்றுகிறது. வாங்குகிற புரோகிராம்தான் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேட்ச் ஃபைலை இயக்கும் கமாண்ட் புரோகிராம் பிரிக்கிற விதம் மற்றவை பிரிப்பது போல இல்லை. அந்த இடைவெளியில் கட்டளையை நுழைக்க முடிந்தது. தீவிரத்துக்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு 10. நோட், பிஎச்பி உள்ளிட்ட மற்ற மொழிகளிலும் இதே சிக்கல் இருந்தது.

ரஸ்ட் குழுவின் திருத்தம்தான் கவனிக்க வேண்டியது. எல்லாச் சூழலிலும் சரியாக எஸ்கேப் செய்ய ஒரு வழி கிடைக்கவில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பாதுகாப்பாக எஸ்கேப் செய்ய முடியாத மதிப்பு வந்தால், 1.77.2 பதிப்பிலிருந்து அந்த லைப்ரரி புரோகிராமை இயக்காமல் பிழை என்று சொல்லி நின்றுவிடும். உலகத்தரமான ஒரு குழுவே ‘இதை ஒட்டவைக்க எங்களால் முடியாது’ என்று சொல்லும் வேலையை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் அவசரத்தில் இருக்கும் ஒரு ஜூனியர் சரியாகச் செய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

பொறுப்பு யாருக்கு?

கசிவு நடந்ததும் ‘கோட் எழுதியவர் யார்?’ என்றுதான் தேடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒட்டுப்போட்டு எழுதிய குவெரி எப்படி ரிவ்யூவைத் தாண்டியது? அதை அனுமதிக்காத டூல் ஏன் இல்லை? ‘டெஸ்ட் பாஸ் ஆகுதே ப்ரோ’ என்று ஜூனியர் சொன்னால், டெஸ்ட் டேட்டாவில் ‘டெஸ்ட் யூசர் 1, 2, 3’ மட்டுமே இருந்தால், அது பாஸ் ஆகாமல் என்ன செய்யும்?

பாடத்திலிருந்தே இது தொடங்குகிறது. டேட்டாபேஸ் பாடத்தின் முதல் உதாரணத்திலேயே பிளஸ் குறி போட்டுப் பெயரை குவெரியோடு ஒட்டிக் காட்டிவிட்டு, கடைசி யூனிட்டில் ‘பாதுகாப்பு’ என்று இரண்டு பக்கம் நடத்தினால் பயன் இல்லை. கை பழகியது முதல் உதாரணத்தில்தான். ஏஐ டூல்கள் எழுதித்தரும் கோடும் அப்படிப்பட்ட பழைய கோடுகளைப் படித்துத்தான் வளர்ந்தது. அதையும் ரிவ்யூ செய்யாமல் ஏற்கக் கூடாது.

‘ஃப்ரேம்வொர்க் எல்லாத்தையும் பாத்துக்கும்’ என்பது இன்னொரு சமாதானம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எல்லா ஃப்ரேம்வொர்க்கிலும் ‘நேரடி குவெரி’ என்று ஒரு பின்வாசல் இருக்கும். அவசரத்துக்கு யாரோ ஒருவர் அதைத் திறந்திருப்பார், மூட மறந்திருப்பார்.

அலட்சியத்துக்கு இந்தியாவிலும் விலை வைத்தாகிவிட்டது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 1998 முதல் எல்லாருக்கும் தெரிந்த ஓட்டையை அடைக்காமல் விட்டுவிட்டு, ‘நியாயமான ஏற்பாடு செய்திருந்தோம்’ என்று வாதாடுவது கஷ்டம்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை. குவெரியோடு மதிப்பை ஒட்டும் கோடு ரிவ்யூவுக்கு வரும் முன்பே டூல் அதை நிறுத்த வேண்டும். பின்வாசலைத் திறக்கிறவர் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். டெஸ்ட் டேட்டாவில் ஒரு டி'குரூஸ் இருக்க வேண்டும். கூடவே ஒரு தமிழ்ப் பெயர், < குறி உள்ள ஒரு முகவரி, ஒரு எமோஜி. நான்கும் போன மாதிரியே திரும்பி வந்தால் பில்ட் பாஸ். ஒன்று சிதைந்தாலும் ரிலீஸ் நிற்க வேண்டும்.

அதுவரை, ‘பெயரில் செல்லாத எழுத்து உள்ளது’ என்று சொல்லும் இணையதளம், பெயர்க்காரரின் குறையைச் சொல்லவில்லை. தன் வீட்டு ஓட்டையைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள்.